வெயிலில் ஏமாந்த கண்: ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளின் எஃகுக் கதை

ரைஃபிள் என்றதும் எல்லோரும் நீளமான குழலைத்தான் பார்ப்பார்கள். சுடுபவருக்கு முக்கியமான பாகம் அவர் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அதன் பெயர் போல்ட்.

நட்டு-போல்ட் ஞாபகம் வந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். இது தாழ்ப்பாள் மாதிரி. கைப்பிடியைப் பிடித்து முன்னே தள்ளினால் தோட்டாவைக் குழலின் பின்பக்க அறைக்குள் கொண்டுபோகும். கைப்பிடியைக் கீழே திருப்பினால், போல்ட்டின் முனையில் இருக்கும் இரண்டு 'காதுகள்' ரிசீவர் என்ற கூட்டின் உள்ளே வெட்டியிருக்கும் பள்ளங்களில் போய் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், கதவு பூட்டியாச்சு. அதற்கப்புறம் தோட்டா வெடிக்கும். அப்போது உள்ளே உண்டாகும் அழுத்தம், அமெரிக்க ராணுவத்தின் .30-06 தோட்டாவை எடுத்துக்கொண்டால், சதுர அங்குலத்துக்குச் சுமார் 50,000 பவுண்டு. உங்கள் காரின் டயரில் 30 அல்லது 35 பவுண்டுதான் காற்று அடிக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கதவும் நிலையும் எந்த எஃகில் செய்யப்பட வேண்டும், அதை எப்படிப் பதப்படுத்த வேண்டும், மேலே என்ன பூச வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு பெரிய நாடு பத்து வருடங்களுக்கு மேல் தப்பான விடையை வைத்துக்கொண்டிருந்தது. அதுவும் பத்து லட்சம் துப்பாக்கிகளில். அந்தக் கதைதான் இது.

எலும்புக்கரியும் எண்ணெய்த் தொட்டியும்

1898-ல் ஸ்பெயினோடு கியூபாவில் போரிட்டபோது, எதிரியின் கையில் இருந்த ஜெர்மன் மௌசர் ரைஃபிள் தங்களுடையதைவிட மேலானது என்று அமெரிக்கர்கள் உணர்ந்தார்கள். விளைவு, 1903-ல் ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1903 ரைஃபிள். மௌசரின் காப்புரிமைகளை அவ்வளவு நெருக்கமாக ஒட்டியிருந்ததால், அந்த நிறுவனத்துக்கு அமெரிக்க அரசு 2,00,000 டாலர் உரிமைத்தொகை கட்ட வேண்டி வந்தது. இரண்டு அரசு ஆலைகள் இதைச் செய்தன. ஒன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட், மற்றது இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்ட்.

ரிசீவருக்கும் போல்ட்டுக்கும் எடுத்த எஃகு சாதாரணமானது. அதில் 0.20 முதல் 0.30 சதவீதம் கார்பன், 1.00 முதல் 1.30 சதவீதம் மாங்கனீசு, கொஞ்சம் சிலிக்கான். கார்பன் குறைவு என்பதால் இந்த எஃகு அப்படியே இருந்தால் மென்மையாக இருக்கும். மென்மையான எஃகில் போல்ட் செய்தால், தேய்ந்தே போய்விடும். அதனால் கேஸ் ஹார்டனிங் செய்தார்கள். நம்மூர் லேத் பட்டறைகளிலும் புழங்கும் வார்த்தைதான். பொருளைக் கரிப்பொடியில் புதைத்து, செக்கச் சிவக்கச் சூடாக்கினால், கார்பன் மெல்ல மெல்ல எஃகின் தோலுக்குள் இறங்கும். பிறகு எண்ணெயில் தோய்த்தால், கார்பன் ஏறிய தோல் மட்டும் கண்ணாடிபோல் கடினமாகும். உள்ளே இருக்கும் சதை கார்பன் குறைந்ததாகவே இருப்பதால் வளைந்து கொடுக்கும். மேலே தேயாது, உள்ளே உடையாது.

ஸ்பிரிங்ஃபீல்டின் பழைய முறையில், பாகங்களை எலும்புக்கரியில் புதைத்து 1500 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 815 டிகிரி செல்சியஸில், நான்கு மணி நேரம் வைத்து, எடுத்து எண்ணெயில் போடுவார்கள். வேலை முடிந்தது. திரும்ப ஒரு சூடு கிடையாது.

இங்கே இரண்டு சிக்கல் இருக்கிறது. அவ்வளவு நேரம் அவ்வளவு சூட்டில் கிடந்தால் எஃகின் உள்மணிகள் பெருத்துவிடும். பெருத்த மணி கொண்ட எஃகு சட்டென்று முறியும். அதைச் சரிசெய்ய, குறைந்த சூட்டில் இன்னொரு முறை காய்ச்சித் தோய்க்க வேண்டும். இரண்டாவது, தோய்த்து எடுத்த எஃகு ஒரு விறைப்போடுதான் இருக்கும். அந்த விறைப்பை எடுக்க லேசான சூட்டில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். இதை டெம்பர் செய்வது என்கிறோம். அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும் ஆசாரியைக் கேட்டாலே தெரியும், தோய்த்த சூட்டோடு விட்டால் கருவேலங்கட்டையில் வெட்டும்போது அரிவாள் வாய் தெறிக்கும் என்று.

பைரோமீட்டர் சொன்ன செய்தி

முறையில் குறை இருந்தாலும், சூடு சரியாக 1500 டிகிரியாக இருந்திருந்தால் பெரும்பாலான ரைஃபிள்கள் தப்பித்திருக்கும். அந்தச் சூட்டை அளந்தது எது? மனிதக் கண்.

அந்தக் காலத்தில் உலைக்காரர்கள் எஃகின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வார்கள். சிவப்பு, செர்ரிச் சிவப்பு, ஆரஞ்சு என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சூடு உண்டு. இருபது முப்பது வருட அனுபவம் உள்ளவர்கள். அவர்கள் சொன்னால் மேற்பேச்சு கிடையாது.

1917-ல் அமெரிக்கா உலகப்போரில் இறங்கியது. அதே வருடம் எம்1903 ரைஃபிள்கள் சிலவற்றின் ரிசீவர் சுடும்போது சிதறியது. விசாரணைக்காக உலைகளில் பைரோமீட்டர் என்ற வெப்பமானியைப் பொருத்திப் பார்த்தார்கள். அப்போது தெரியவந்ததை, பின்னாளில் மேஜர் ஜெனரலான ஜூலியன் ஹேட்சர் 1947-ல் வெளிவந்த தன் 'ஹேட்சர்ஸ் நோட்புக்' நூலில் பதிவு செய்திருக்கிறார். அனுபவசாலிகள் 'இதுதான் சரியான சூடு' என்று சொன்னது, மேகமூட்டமான நாளைவிட நல்ல வெயில் நாளில் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாக இருந்தது.

ஏன் என்று யோசித்தால் எளிமையான விஷயம். இருட்டறையில் டார்ச் பளிச்சென்று தெரியும், வெயிலில் அதே டார்ச் எரிகிறதா என்றே தெரியாது. ஜன்னல் வழியே வெயில் கொட்டும் நாளில் செக்கச் சிவந்த எஃகு மங்கலாகத் தெரியும். 'இன்னும் கொஞ்சம் காயட்டும்' என்று விடுவார்கள். அந்தக் கொஞ்சம்தான் எஃகைக் கெடுத்தது. சூடு எல்லை மீறினால் மணிகளின் ஓரங்களே சிதைந்துபோகும். 'எரிந்த எஃகு' என்று அதற்குப் பெயர். இது கரிப்பெட்டிக்கு முந்திய கட்டத்திலும், பாளத்தைச் சம்மட்டி இயந்திரத்தில் அடித்து உருவம் கொடுக்கும்போதே நடந்திருந்தது.

உலைக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கண் பொய் சொல்லவில்லை, வெளிச்சம் மாறியதை அவர்களால் கழித்துப் பார்க்க முடியவில்லை. கண்ணை மட்டும் நம்பி, கருவி வாங்காமல் பல வருடம் ஓட்டிய நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

சோதனையில் பாஸ், கையில் ஃபெயில்

'அப்படி ஓட்டை எஃகு என்றால் தொழிற்சாலையிலேயே சோதிக்க மாட்டார்களா?' என்று கேட்கலாம். சோதித்தார்கள். ஒவ்வொரு ரைஃபிளிலும் சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு அழுத்தம் தரும் விசேஷத் தோட்டாவை வைத்துச் சுட்டார்கள். வழக்கத்தைவிட 20,000 கூடுதல். அதில் தேறியவைதான் ராணுவத்துக்குப் போயின.

கடினமும் உறுதியும் ஒன்றல்ல என்ற விஷயம் இந்த இடத்தில்தான் வருகிறது. கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் பெரிய பாரத்தை மெதுவாக வைத்தால் தாங்கும். அதே தம்ளரைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் போச்சு. அதிகக் கடினமான ரிசீவரும் அப்படித்தான். போல்ட் நேராகப் பின்னே தள்ளும்போது தாங்கிக்கொள்ளும். சோதனைத் தோட்டா அளந்தது அதை மட்டும்தான். ஆனால் தோட்டாவின் பித்தளைக் கூடு பின்பக்கம் கிழிந்து, அந்த வாயு திடீரென்று ரிசீவருக்குள் பக்கவாட்டில் பாய்ந்தால்? நல்ல எஃகாக இருந்தால் உப்பும், பிளக்கும், ஆனால் துண்டாகாது. கெட்ட எஃகு துண்டு துண்டாகத் தெறிக்கும். சுடுபவரின் கன்னம் அந்தக் கட்டையில்தான் சாய்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட ரிசீவர்களில் சில, சுத்தியலால் ஒரு அடி அடித்தாலே உடைந்தன.

பித்தளைக் கூடு ஏன் கிழிய வேண்டும்? போர்க்கால அவசரத்தில் செய்த தோட்டாக்கள் சிலவற்றில் அடிப்பகுதிப் பித்தளை மென்மையாக இருந்தது. சில விபத்துகளில் குழலுக்குள் அடைப்பு இருந்தது. சிலவற்றில் ஜெர்மன் 8 மில்லிமீட்டர் தோட்டாவைத் தவறுதலாகப் போட்டுச் சுட்டிருந்தார்கள். தோட்டாவில் கிரீஸ் தடவிச் சுடும் பழக்கமும் போட்டியாளர்களிடம் இருந்தது. அதுவும் ஆபத்துதான். ஆகவே 'தப்பு தோட்டாவில்தான், துப்பாக்கியில் இல்லை' என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். பாதி உண்மை. தோட்டா பொறி வைத்தது, ஆனால் அந்தப் பொறியில் சிதறுவதா வீங்கி நிற்பதா என்பதை எஃகுதான் தீர்மானித்தது.

இரண்டு எண்கள்

1918 பிப்ரவரியில் ஸ்பிரிங்ஃபீல்ட் முறையை மாற்றியது. இதை 'இரட்டைப் பதம்' என்கிறார்கள். எஃகு அதேதான். எலும்புக்கரியில் இரண்டரை மணி நேரம், எண்ணெயில் தோய்ச்சல், பிறகு உப்புக் குழம்பில் 1300 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஐந்து நிமிடம், மறுபடி எண்ணெய், கடைசியாக 350 டிகிரியில் டெம்பர். எல்லாம் வெப்பமானி பார்த்து. ஸ்பிரிங்ஃபீல்டில் 8,00,000 என்ற வரிசை எண்ணிலிருந்தும், ராக் ஐலண்டில் அதே வருடம் மே மாதம் 2,85,507 என்ற எண்ணிலிருந்தும் புது முறை தொடங்கியது.

எஃகையே மாற்றும் வழியும் இருந்தது. நிக்கல் சேர்த்த எஃகு முறியாமல் தாங்கும், சூடு கொஞ்சம் முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். ராக் ஐலண்ட் 1918-லேயே அதற்கு மாறத் தொடங்கியது. ஸ்பிரிங்ஃபீல்ட் 1927 வாக்கில்தான் மாறியது. இதில் ஒரு வேடிக்கை. இரட்டைப் பதம் பெற்ற போல்ட் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிப் போகும். நிக்கல் எஃகு போல்ட் கொஞ்சம் பிசுக்குப் பிடித்ததுபோல் நகரும். காரணம், இதன் தோல் அவ்வளவு கடினம் கிடையாது. வழுக்கும் சுகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பை வாங்கினார்கள் என்று சொல்லலாம்.

சரி, ஏற்கெனவே செய்து கொடுத்துவிட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரைஃபிள்களை என்ன செய்வது? மறுபடி பதப்படுத்திக் காப்பாற்ற முடியுமா என்று முயன்று பார்த்தார்கள். முடியவில்லை. எரிந்த எஃகைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எது எரிந்தது, எது எரியாதது என்று பார்வையில் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

1917-லிருந்து 1929 வரை 68 விபத்துகளை ஹேட்சர் பட்டியல் போட்டிருக்கிறார். கண்ணை இழந்தவர்களும் அதில் உண்டு. 1927-ல் கூடிய ஒரு குழு, பழைய எண் ரைஃபிள்களைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று பரிந்துரைத்தது. 1928 பிப்ரவரியில் மேலிடம் எடுத்த முடிவு வேறு மாதிரி. வீரர்கள் கையில் இருப்பவை அப்படியே இருக்கட்டும்; கிடங்கில் இருப்பவற்றை இனி வெளியே கொடுக்க வேண்டாம், போர்க்கால இருப்பாக வைத்துக்கொள்வோம்; பழுதுக்கு வருபவற்றின் ரிசீவரை மட்டும் உடைத்துப் போட்டுவிடுவோம்.

இந்த முடிவைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது அந்த 'போர்க்கால இருப்பு' என்ற சொல். அமைதிக் காலத்தில் கொடுக்க ஆபத்தானது, போர் வந்தால் கொடுக்கலாம் என்று அர்த்தம் ஆகிறது இல்லையா? அவர்கள் பக்கமும் கணக்கு இருந்தது. பத்து லட்சத்தில் 68 என்பது சிறிய எண், மாற்ற ஆகும் செலவு பெரியது, துப்பாக்கியே இல்லாமல் போருக்குப் போவது அதைவிட மோசம். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் கணக்கைப் போட்டவரின் கன்னம் அந்தக் கட்டையில் சாயவில்லை.

பிறகு ரிசீவரின் இடப்பக்கத்தில் வாயு வெளியேற ஒரு துளை போட்டார்கள். 'ஹேட்சர் துளை' என்றே அதற்குப் பெயர். கதவு உடைவதைத் தடுக்க முடியாவிட்டாலும் புகைபோக்கியாவது வைப்போம் என்ற ஏற்பாடு.

மேல்பூச்சு மறைத்தது

எஃகுக்கு மேலே பூசுவதற்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1906-ல் இங்கிலாந்தின் தாமஸ் காஸ்லெட் என்பவர் இரும்பைப் பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் காய்ச்சித் துருவைத் தடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் பார்க்கர் நிறுவனம் அதை வளர்த்தெடுத்ததால் 'பார்க்கரைசிங்' என்ற பெயர் நிலைத்தது. முதல் உலகப்போரின் கடைசியில் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள்களுக்கும் அது வந்தது. சாம்பல் நிறத்தில், நுண்துளைகளோடு, எண்ணெயை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் பூச்சு. பளபளப்பு கிடையாது, அதனால் வெயிலில் மின்னி எதிரிக்குக் காட்டிக்கொடுக்காது. நல்ல பூச்சுதான்.

ஆனால் பின்னாளில் பழைய ரைஃபிள்களைப் புதுப்பிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு எடுத்தார்கள். 1910-ல் செய்த போல்ட்டும் 1930-ல் செய்த போல்ட்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. தோலைப் பார்த்துச் சதையைக் கண்டுபிடிக்க முடியாது.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று. ரிசீவரில் வரிசை எண் உண்டு. எம்1903-ன் போல்ட்டில் எண் கிடையாது. ஒரு ரைஃபிளின் போல்ட் இன்னொன்றுக்குப் போய்விடும், பழுதுபார்க்கும் கூடங்களில் அது சகஜம். ஆகவே 8,00,000-க்கு மேற்பட்ட 'நல்ல' ரிசீவருக்குள் ஒற்றைப் பதம் பெற்ற பழைய போல்ட் உட்கார்ந்திருக்கலாம். தெரிந்தவர்கள் கைப்பிடியைப் பார்க்கிறார்கள். பழைய போல்ட்டின் கைப்பிடி நேர் கீழே இறங்கும். இரட்டைப் பதம் வந்த காலத்தை ஒட்டிச் செய்தவற்றில் அது கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்திருக்கும். நிக்கல் எஃகு போல்ட் சிலவற்றில் அதைக் குறிக்கும் எழுத்துகளே பொறித்திருக்கும்.

பூச்சுக்கும் ஒரு சூடு உண்டு

இந்தப் பாடம் ஸ்பிரிங்ஃபீல்டோடு முடியவில்லை. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-15, பிறகு எம்16 என்று ராணுவத்துக்குப் போனபோது, அதன் சின்ன போல்ட்டுக்குக் 'கார்ப்பென்டர் 158' என்ற எஃகு குறிப்பிடப்பட்டது. சுமார் 3.5 சதவீதம் நிக்கல், 1.5 சதவீதம் குரோமியம், மிகக் குறைந்த கார்பன். தோலுக்குக் கார்பன் ஏற்றிக் கடினமாக்கும் ரகம்தான். அதாவது ஸ்பிரிங்ஃபீல்ட் தனித்தனியாகக் கற்ற இரண்டு பாடங்களையும், கேஸ் ஹார்டனிங்கையும் நிக்கலையும், ஒன்றாகச் சேர்த்தது.

ஆரம்பத்தில் அந்த போல்ட்டுக்குப் பளபளவென்று குரோம் முலாம் பூசினார்கள். பிறகு ராணுவ போல்ட்டுகள் மாங்கனீசு பாஸ்பேட்டுக்கு மாறின. போல்ட்டைத் தாங்கும் கேரியரின் உள்பக்கத்தில் மட்டும் குரோம் இருந்தது. வியட்நாமில் தோட்டாக் கூடு அறைக்குள் சிக்கிக்கொண்டு வீரர்கள் மாட்டிக்கொண்டது 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்குப் போனது. அதற்குப் பல காரணங்களில் ஒன்று, துருப்பிடித்த தோட்டா அறை. அங்கே குரோம் முலாம் போட்டார்கள். எந்த இடத்துக்கு எந்தப் பூச்சு என்பதுதான் விஷயம், எங்கும் ஒரே பூச்சு என்பது சரிவராது.

குரோம் முலாம் மின்சாரத் தொட்டியில் ஏறுகிறது. அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்துகொண்டு, பின்னொரு நாள் எதிர்பாராமல் விரிசல் விடவைக்கும். அதை வெளியேற்ற, முலாம் பூசிய கையோடு சுமார் 190 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காக வைக்க வேண்டும். ஆனால் எஃகை டெம்பர் செய்த சூடு அதைவிடக் குறைவாக இருந்தால்? கடினம் குறைந்துவிடும். இன்று பிரபலமான நைட்ரைடு உப்புத் தொட்டி 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கார்பன் ஏற்றிக் கடினமாக்கிய போல்ட்டை அதில் போட்டால், முதலில் பாடுபட்டுக் கொடுத்த பதமே குலையும். பாஸ்பேட் தொட்டியோ தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டாது. பார்க்க அழகில்லாத அந்தச் சாம்பல் பூச்சு இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, எஃகின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு 'நல்ல எஃகு' என்று சொல்லிவிட முடியாது. அது எத்தனை முறை, எவ்வளவு சூடு பார்த்தது, கடைசிச் சூடு எது, அதை அளந்தது யார் என்று கேட்க வேண்டும். 1918-க்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங்ஃபீல்ட் வாங்கிய எஃகு ஒன்றுதான். உலையின் பக்கத்தில் ஒரு வெப்பமானி வந்தது, வேலை ஒரு படி கூடியது. வித்தியாசம் அவ்வளவே.

அமெரிக்காவில் பழைய ராணுவ ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் குடிமக்கள் துப்பாக்கிப் பயிற்சித் திட்டம், குறைந்த எண் ஸ்பிரிங்ஃபீல்டுகளைச் சுட வேண்டாம் என்று இன்றும் எச்சரிக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஒரு குறையும் இல்லாதவையாக இருக்கலாம். எவை மேகமூட்ட நாளில் பிறந்தவை, எவை வெயில் நாளில் பிறந்தவை என்று எந்த ஏட்டிலும் குறித்து வைக்கவில்லை. அதனால் எல்லாமே சுவரில் தொங்குகின்றன.